நீல வார்ச் செருப்பு

இதை எழுதுவதா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப் போட்டுவிட்டேன். காலையில் பூஜை முடித்து, காபி குடித்து, பேனாவைக் கையில் எடுப்பேன். முதல் வரியிலேயே நின்றுவிடும். நான் பத்தாவது வரைக்கும் படித்து, ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் வேலை கற்றவன். எழுத்து நமக்கு வராது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் வேறு. நடந்ததைச் சொன்னால் பாதிப் பேர் "எல்லாம் சாமி செயல்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு போய்விடுகிறார்கள். மீதிப் பேர் "ஏதோ தற்செயல்" என்று போய்விடுகிறார்கள். இரண்டு பேருமே விஷயத்தை என்னிடமே விட்டுவிட்டுப் போகிறார்கள். எப்படிச் சொன்னால் கையோடு எடுத்துப் போவார்கள் என்று எனக்குப் பிடிபடவில்லை.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற என்னை, போன ஆயுத பூஜைக்குக் கம்பெனிக்குக் கூப்பிட்டிருந்தீர்கள். வந்தேன், சுண்டல் வாங்கினேன், எஞ்சின் சோதனை மேடைப் பக்கம் ஒரு நடை போனேன். கதவுக்கு வெளியே செருப்பு அலமாரி அப்படியே இருந்தது. மேல் தட்டில் அந்த நீல வார் போட்ட ரப்பர் செருப்பும் இருந்தது. ஆனால் அதற்குச் சந்தனம், குங்குமம், நாலு முழம் மல்லிப்பூ! புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"என்னம்மா இது?" என்றேன்.

"பாதுகை சார். டெஸ்ட்டுக்கு முன்னாடி தொட்டுக் கும்பிட்டா ஒண்ணும் ஆவாதாம்."

"யாரு சொன்னா?"

"எல்லா சீனியரும் சொல்றாங்க சார். பெருமாளே வந்து விட்டுட்டுப் போனாராமே!"

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அன்றைக்கு ஓரிக்கைப் பாலத்தின் மேல் ஸ்கூட்டரில் வரும்போதே தீர்மானித்துவிட்டேன், இனிமேல் தள்ளிப் போடக்கூடாது என்று. தம்பிகளே, தங்கச்சிகளே, அது பெருமாள் செருப்பு இல்லை. யார் செருப்பு என்று எனக்குத் தெரியும். சொல்கிறேன், கேளுங்கள்.

நான் சேர்ந்தபோது நம் கம்பெனி மாகறல் தாண்டி முள்ளுக்காட்டுக்கு நடுவே ஒரு தகரக் கொட்டகை. அதுவரைக்கும் பம்ப்செட் கம்பெனியில் இருந்தவன் நான். சொந்தக்காரர்கள் எல்லாம் "ராக்கெட்டா விடறீங்க?" என்று கேட்பார்கள். "ராக்கெட் இல்லப்பா, விமானம் மாதிரி ரோட்டுல ஓடிக் கிளம்பும். போற வழியில காத்தை இழுத்துக்கினே போவும். வானத்தைத் தாண்டிட்டு மறுபடி அதே ரோட்டுல வந்து எறங்கும். அந்த வண்டிக்கு எஞ்சின் செய்யறோம்" என்பேன். "அப்போ வண்டி எங்கே?" என்பார்கள். "வண்டி வேற யாரோ செய்வாங்க." "அப்போ எஞ்சின்?" "அது இன்னும் ஆவல." அதோடு என்னை விட்டுவிட்டுப் பட்டுப்புடவை பேரத்துக்குப் போய்விடுவார்கள்.

அந்த எஞ்சினின் சூட்சுமம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அவ்வளவு வேகத்தில் போனால் உள்ளே வரும் காற்றே நெருப்பாகக் கொதிக்கும், அதைக் கண்ணிமைக்கும் நேரத்தில் குளிர வைக்க வேண்டும். அதெல்லாம் படித்தவர்கள் பாடு. எனக்குக் கொடுத்த வேலை மேடைக் கதவும் ஒரு சாவியும்.

கொடுத்தவர் நம் மேடம். அப்போது சோதனைக்கெல்லாம் அவர்தான் தலைமை. என்னைவிடப் பல வயது சின்னவர். நெல்லூர்ப் பக்கம், தமிழை நிறுத்தி நிறுத்திப் பேசுவார். பெயரை எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டார், அதனால் எழுதவில்லை. நான் தொழில் கற்றது அவரிடம்தான்.

முதல் நாள் என் கையில் ஒரு தென்னந்துடைப்பத்தைக் கொடுத்தார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது.

"பெருக்கறதுக்கு ஆள் இருக்காங்களே மேடம்."

"பெருக்கறதுக்கு இல்லீங்க. மேடை மேல நடக்கும்போது இதை முன்னால நீட்டிக்கிட்டு நடங்க."

"பேய் ஓட்டவா?"

சிரித்துவிட்டார். "ஹைட்ரஜன் எரிஞ்சா பகல்ல கண்ணுக்குத் தெரியாது. எங்கேயாவது கசிஞ்சு பத்திக்கிட்டிருந்தா, தெரியாம நீங்களே அதுக்குள்ள நடந்து போயிடுவீங்க. துடைப்பம் முதல்ல பத்திக்கும். நீங்க நின்னுடலாம்."

வீட்டில் சொன்னபோது என் மனைவி, "இத்தனை பெரிய கம்பெனியில உங்க கையில தொடப்பக்கட்டையைத்தான் குடுத்தாங்களா?" என்று கேட்டுவிட்டு, பிறகு விவரம் தெரிந்ததும் மேடம் பெயரில் அர்ச்சனை செய்துவிட்டு வந்தாள். நான் கண்ணுக்குத் தெரியாததைக் கும்பிடுகிறவன். கண்ணுக்குத் தெரியாததற்குப் பயப்படவும் வேண்டும் என்று அன்றைக்குத்தான் கற்றேன்.

அப்புறம் சாவி. மேடையின் இரும்புக் கதவைப் பூட்டினால்தான் அந்தச் சாவி பூட்டிலிருந்து வெளியே வரும். அதைக் கண்ட்ரோல் ரூமில் கொண்டுபோய்ப் பலகையில் போட்டால்தான் எஞ்சின் பற்றும். ஒரே சாவி, வேறு நகல் கிடையாது. அதை என் கழுத்தில் மாட்டும்போது மேடம் சொன்னார்: "உள்ள யாரும் இல்லேன்னு நீங்க பார்த்தப்புறம்தான் இது வரணும். நானே கேட்டாலும் பார்க்காம குடுக்காதீங்க."

இனிச் செருப்பு. நம் மேடையில் கற்பூரம் கொளுத்த முடியாது. ஒரு கட்டிக் கற்பூரம் போதும், மொத்த மேடைக்கும் தீபாராதனை ஆகிவிடும். அதனால் தூரத்துப் புளியமரத்தடியில் கற்பூரம் காட்டிவிட்டு, கதவுப் பக்கம் தேங்காய் மட்டும் உடைப்போம். தேங்காய் உடைத்த இடத்தில் செருப்போடு நடக்க நம் ஆட்களுக்குக் கால் வரவில்லை. யாரும் சொல்லாமலேயே கதவுக்கு வெளியே கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போக ஆரம்பித்தார்கள். வெறுங்காலைப் பார்த்து மேடம் முதலில் சத்தம் போட்டார். பிறகு அவரே யோசித்து, கதவுக்கு உள்ளே பொறி தட்டாத ஷூக்களை வைக்கச் சொன்னார், வெளியே செருப்புக்கு அலமாரி போடச் சொன்னார். "நல்ல பழக்கம்தான். ஆள் உள்ள இருந்தா செருப்பு இங்க இருக்கும். ஆள் போனா செருப்பும் போகும்" என்றார்.

அதிலிருந்து எனக்கு வேலை சுலபம். ஒவ்வொருவருக்கும் அலமாரியில் ஒரு இடம். டெக்னீஷியன் ஸ்டெல்லாவுடையது வாரில் சின்னப் பூ வைத்தது. மாகறல் வேலுவுடையது குதிகால் தேய்ந்தது. அலமாரி காலியானால் மேடை காலி. கோயில் வாசல் பழக்கம் எஞ்சினுக்குக் காவல் என்று எல்லோரும் பெருமையாகச் சொல்லிக்கொண்டோம். நானும்தான்.

அந்த நாள் கார்த்திகை மாசம். மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்த நாள். வெளிநாட்டிலிருந்து மூன்று பேர் வந்திருந்தார்கள், அதில் ஒரு அம்மாவும் உண்டு. எஞ்சின் ஓடுவதைப் பார்த்துவிட்டு நம்மோடு சேர்வதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டியவர்கள். நம் முதலாளி, அவரை எல்லோரும் சார் என்றுதான் சொல்வோம், வேஷ்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார். காலையில் அவர்களைக் கோயிலுக்குக் கூட்டிப் போனார், புடவைக் கடைக்குக் கூட்டிப் போனார், அப்புறம்தான் மேடைக்கு. காஞ்சிபுரத்துக்கு யார் வந்தாலும் அந்த வரிசைதான். மேடையைச் சுற்றிக் காட்டும்போது சாரின் வாய் ஓயவில்லை. அந்த அம்மாவுக்குக் குடை பிடித்தபடி, கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டே, அவர்கள் காரிலேயே ஏறிக் கண்ட்ரோல் ரூமுக்குப் போனார்.

மத்தியானத்துக்கு மேல் ஆட்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். நான் டேங்கர் லாரியை வழி காட்டி வெளியே அனுப்பிவிட்டுத் திரும்பும்போது ஸ்டெல்லா செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள்.

"நான்தாண்ணே கடைசி. பூட்டிக்கினு வாங்க, சீக்கிரம். அந்த வெளிநாட்டுக்கார அம்மா புடவை கட்டிக்கினு உக்காந்திருக்காங்களாம், பாக்கணும்!" என்று சொல்லி வேனில் ஏறிப் போனாள்.

கதவை இழுக்கப் போனவன், பழக்கப்படி அலமாரியைத் திரும்பிப் பார்த்தேன். அடித்தட்டு மூலையில் ஒரு ஜோடி. ரப்பர் செருப்பு, நீல வார். நம் ஆட்களில் யாரிடமும் நான் அதைப் பார்த்ததில்லை.

கதவருகே இருந்த போனை எடுத்துக் கண்ட்ரோல் ரூமுக்குச் சொன்னேன். சார்தான் எடுத்தார்.

"என்னப்பா ஏகாம்பரம், இன்னும் வரல? எல்லாரும் காத்துக்கினு இருக்காங்க."

"ஒரு ஜோடி செருப்பு இருக்குது சார்."

"செருப்பா?"

"நீல வார், ரப்பர் சார். யாரோ உள்ள இருக்காங்க."

"யாராவது பழசை விட்டுட்டுப் போயிருப்பாங்கப்பா."

"புதுசு சார். விலைச் சீட்டுகூட உரியல."

பின்னால் மேடம் பெயர் கூப்பிடுவது கேட்டது. ஒவ்வொருவராக "இருக்கேன் மேடம்" என்றார்கள். வேலு பெயர் வந்தபோது மட்டும் பதில் இல்லை. வேலு அந்த மாசம் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தான். சாயங்காலப் பூஜைக்கு மத்தியானமே அனுமதி வாங்கிக்கொண்டு போய்விடுவான்.

"பூஜைக்குப் போயிருப்பாரு மேடம்" என்றது ஒரு குரல். "போன் அடிச்சேன், எடுக்கல. குளிச்சிக்கினு இருப்பாரு" என்றது இன்னொன்று. "அவரு செருப்பு வெக்கிற இடம் காலியா இருந்துச்சு மேடம், நான் பார்த்தேன்" என்றாள் ஸ்டெல்லா. நானும் திரும்பிப் பார்த்தேன். ஆமாம், வேலுவின் இடம் காலி. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

சார் மறுபடி வந்தார். "கேட்டியா? எல்லாரும் சரியா இருக்காங்க."

"செருப்பு இருக்குது சார்."

இப்போது அவர் குரல் இறங்கிவிட்டது. கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு லேசாக இருந்திருக்கும். "ஏகாம்பரம், கெஞ்சிக் கேக்கறேன்பா. இவங்க சாயங்காலம் பிளேன் பிடிக்கணும். டேங்க்ல இருக்கிற ஹைட்ரஜன் நிமிஷத்துக்கு நிமிஷம் ஆவியாப் போய்க்கினு இருக்குது. அடுத்த டேங்கர் எப்போ வரும்னு எனக்கே தெரியாது. இன்னைக்கு எஞ்சின் ஓடலேன்னா நாளைக்குக் கம்பெனி ஓடாது. ஒரு ரப்பர் செருப்புக்காகவா?"

அவர் சொன்னது பொய் இல்லை. அவர் கெட்டவரும் இல்லை. வீட்டை அடமானம் வைத்து அந்தக் கொட்டகையைப் போட்டவர். எனக்குக் கை நடுங்கியது என்று எழுத வெட்கமில்லை. கதவை இழுத்தால் பூட்டிக்கொள்ளும், சாவி கையில் வந்துவிடும். அவ்வளவுதான் வேலை. எல்லோரும் சந்தோஷப்படுவார்கள்.

ஆனால் எஞ்சினின் தீ மொத்தமும் மேடைக்குக் கீழே இருக்கிற கான்கிரீட் பள்ளத்துக்குள்தான் இறங்கும். உள்ளே ஒரு மனுஷன் இருந்தால் மிச்சம் இருக்காது.

போன் மேடம் கைக்கு மாறியது. "பேரெல்லாம் சரியா இருக்கு, ஏகாம்பரம்காரு. உங்களுக்கு என்ன தோணுது?"

"பேரும் சரி மேடம். செருப்பும் இருக்குது. ரெண்டுமே சரியா இருக்க முடியாதே. எது தப்புன்னு போய்ப் பார்த்தாத்தானே தெரியும்?"

உடனே பக்கத்தில் திரும்பி, "சார், சாவி அவர்கிட்ட இருக்கு. நான் கேட்க மாட்டேன்" என்றார். என்னிடம், "போய்ப் பாருங்க. துடைப்பம் எடுத்துக்கங்க" என்றார்.

தம்பிகளே, இந்த ஒன்றைக் கவனியுங்கள். அந்த நேரத்தில் "உங்க பொறுப்பு, நீங்களே பார்த்துக்குங்க" என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் பயந்து கதவை இழுத்திருப்பேன். சொல்லவில்லை. அத்தனை பேர் நடுவே அந்தத் தாமதத்தை அவரும் தன் தலையில் ஏற்றிக்கொண்டார். நாளைக்கு நீங்கள் மேலே போய் உட்காரும்போது, கீழே ஒருவன் நடுங்கிக்கொண்டு நின்றால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டெல்லா யாரையும் கேட்காமல் யாருடைய பைக்கையோ எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். இரண்டு பேரும் ஷூ மாட்டிக்கொண்டு உள்ளே போனோம். நான் முன்னால் துடைப்பத்தை நீட்டிக்கொண்டு, அவள் பின்னால். அவள் "இயேசப்பா, இயேசப்பா" என்று வந்தாள். நான் காமாட்சி அம்மனிடம் ஒன்றே ஒன்று வேண்டிக்கொண்டேன்: தாயே, அது வெறும் செருப்பாகவே இருக்கட்டும். ஊரெல்லாம் என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும், பரவாயில்லை.

எஞ்சின் பக்கம் யாரும் இல்லை. டேங்க் பக்கம் இல்லை. சாமான் அறையில் இல்லை. குழாய்களைச் சுத்தம் செய்ய நைட்ரஜன் ஊதிக்கொண்டிருந்த இரைச்சலில் பக்கத்து ஆள் பேச்சே கேட்கவில்லை. ஸ்டெல்லா என் காதருகே வந்து கத்தினாள்.

"யாரும் இல்லண்ணே! கூப்பிட்டுப் பார்த்தாச்சு! போலாமா?"

திரும்பினேன். திரும்பியே விட்டேன். அப்போதுதான் தோன்றியது, நாம் கூப்பிட்டது நமக்கே கேட்கவில்லையே, உள்ளே இருக்கிறவனுக்கு எப்படிக் கேட்கும்? மேடை போனில் சொன்னேன், "மேடம், அந்த ஊதலைக் கொஞ்சம் நிறுத்துங்க."

நின்றது. திடீரென்று அப்படியொரு அமைதி, புளியமரத்துக் காக்கை கத்துவது கேட்டது. அதோடு இன்னொன்றும் கேட்டது. காலுக்குக் கீழே, பள்ளத்துக்குள்ளிருந்து, சுருதியே இல்லாமல் அடித்தொண்டையில் ஒருவன் சரணம் சொல்லிக்கொண்டிருந்தான். காதை மூடிக்கொண்டு பாடுகிறவர்கள் பாடுவார்களே, அப்படி.

ஸ்டெல்லா பள்ளத்து ஏணியில் இறங்கிய வேகத்தை நான் அதற்கப்புறம் யாரிடமும் பார்த்ததில்லை. கணுக்கால் அளவு தண்ணீரில், காதில் இரைச்சல் தடுக்கிற மூடியை மாட்டிக்கொண்டு, வேலு குந்தி உட்கார்ந்து சாக்கடைச் சல்லடையில் அடைத்திருந்த இலைகளை வாரிக்கொண்டிருந்தான். தோளைத் தொட்டதும் திடுக்கிட்டு மூடியைக் கழற்றினான்.

"என்ன சாமி, ரெண்டு பேரும்? டைம் ஆயிடுச்சா?"

ஸ்டெல்லாவுக்குப் பேச்சு அருவியாக வந்தது. "மாலை போட்டுக்கினு இருக்கியேன்னு பாக்கறேன்! இல்லேன்னா செவுளு திரும்பியிருக்கும்! யாரைக் கேட்டு எறங்கின?"

"உன்கிட்டதானே சொன்னேன், தண்ணி நிக்குது, பார்த்துட்டு வந்துடறேன்னு?"

"வந்துட்டேன்னு நெனச்சேன்டா! உன் செருப்பு இல்லையே!"

வேலு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பள்ளத்துத் தண்ணீர் முகமெல்லாம் தெறித்திருந்தது. சாதாரணமாகத்தான் சொன்னான்.

"நான்தான் மாலை போட்டதிலிருந்து செருப்பே போடறதில்லையே."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. விரதத்துக்காக வீட்டிலிருந்து வெறுங்காலோடு வருகிறவன். உள்ளே வந்து கம்பெனி ஷூவை மட்டும் மாட்டிக்கொள்வான். அவன் வந்தாலும் காலி, போனாலும் காலி, அந்த அலமாரியில். நாங்கள் எல்லோரும் தினம் அவனைக் கும்பிட்டு வணக்கம் சொல்கிறவர்கள், அவன் வெறுங்காலைப் பார்க்காத ஆள் கிடையாது. இருந்தும் ஒருவர் மனசிலும் அது தட்டவில்லை. மாலை போட்டவன் காலில் செருப்பு இருக்காது என்பது நமக்கு அவ்வளவு சகஜம்.

"அப்போ அந்த நீல வாரு யாருதுண்ணே?" என்றாள் ஸ்டெல்லா.

எனக்குத் தெரியவில்லை. மூன்று பேரும் வெளியே வந்து அந்தச் செருப்பைப் பார்த்தோம். வேலு அதைத் தொடப் பயந்தான் என்றே சொல்வேன். அப்புறம் கதவைப் பூட்டினேன். சாவி வந்தது.

கண்ட்ரோல் ரூமில் வேலுவைப் பார்த்ததும் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். பள்ளத்துச் சேறு அவன் முட்டி வரைக்கும் இருந்தது. எங்கே இருந்து வருகிறான் என்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. சார் வந்து அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். மேடம் மட்டும் வேலுவை உச்சியிலிருந்து பாதம் வரைக்கும் ஒரு தடவை பார்த்துவிட்டு, பாதத்தில் கொஞ்சம் அதிக நேரம் பார்த்துவிட்டு, "மிச்சம் இருக்கிறது போதும். சின்ன ஓட்டம் ஓட்டலாம். உட்காருங்க" என்றார்.

அந்த ஓட்டத்தை நான் என்னவென்று எழுதுவேன்? கோயில் தேர் நிலையை விட்டு அசையும்போது நெஞ்சுக்குள் ஒன்று அசையுமே, அந்த மாதிரி முதலில் தரை அசைந்தது. சத்தம் அப்புறம்தான் வந்தது. தீ கண்ணுக்குத் தெரியவில்லை, அதற்குப் பின்னால் இருந்த முள்ளுக்காடு மட்டும் நெளிந்து நெளிந்து ஆடியது. வேலு வாரிவிட்ட பள்ளத்தில் தண்ணீர் பாய்ந்து, வெள்ளை வெளேர் என்று ஆவி புளியமரத்துக்கு மேலே எழும்பியது. கொதிக்கிற காற்றைக் குளிர வைக்கிற அந்தக் குழாய்க் கட்டு, எத்தனையோ தடவை எங்களைக் கைவிட்டது, அன்றைக்குக் கடைசி வரைக்கும் நின்றது. எஞ்சின் அணைந்ததும் எல்லோரும் வெளியே ஓடினோம். மேலே போன ஆவி பொடிப் பொடித் தூறலாக இறங்கிக்கொண்டிருந்தது. வெளிநாட்டு அம்மா புதுப் பட்டுப்புடவையோடு அதில் நனைந்தபடி கைதட்டினார். ஸ்டெல்லா ஆடினாள். நம் மேடம், சிரித்தே அதிகம் பார்க்காத மனுஷி, இரண்டு கையையும் தூக்கித் தெலுங்கில் ஏதோ கத்தினார். அர்த்தம் கேட்டேன், இதுவரைக்கும் சொல்லவில்லை.

தூறல் நின்று எல்லோரும் உள்ளே திரும்பும்போது சார் மட்டும் வாசல் படியருகே குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தார். கண்ட்ரோல் ரூமுக்கும் நாம் செருப்பைக் கழற்றிவிட்டுத்தானே போவோம். வாசலில் எல்லாருடையதும் கிடந்தது.

"என் ஷூவைக் காணோமே" என்றார்.

டிரைவர் பாஷா பாய் பக்கத்தில் வந்தார். "என்ன சார், மறந்துட்டீங்களா? காலையிலேயே கோயில் வாசல்ல யாரோ அடிச்சிக்கினு போயிட்டாங்களே. நான்தானே சன்னதித் தெருக் கடையில ரப்பர் செருப்பு வாங்கியாந்தேன்? நீல வாரு."

சார் தன் பாதத்தைக் குனிந்து பார்த்தார். செம்மண் ஒட்டியிருந்தது. மேடையைச் சுற்றிக் காட்டிவிட்டு, கம்பெனி ஷூவைக் கழற்றியவர், பேச்சு மும்முரத்தில் வெறுங்காலோடேயே காரில் ஏறியிருக்கிறார். அப்போதுதான் வாங்கிய செருப்பு. அவர் மனசில் அவர் கால் இன்னும் அந்தத் தொலைந்துபோன தோல் ஷூவுக்குள்தான் இருந்தது. நான் போனில் "நீல வார்" என்று சொல்லும்போது அவருக்கு அது எவனோ ஒருவன் செருப்பு.

படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "என் செருப்பைத்தான் நான் திட்டிக்கினு இருந்தேனா?" என்றார். முதலில் அழுகிறார் என்று நினைத்தோம். பார்த்தால் சிரிக்கிறார். சிரிப்பும் அழுகையும் ஒன்றாகத்தான் வந்தது. "காலையில அந்தத் திருடனை விளங்கவே மாட்டான்னு சபிச்சேன் ஏகாம்பரம். வாபஸ் வாங்கிக்கறேன். எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும்."

"நல்லாத்தான் சார் இருப்பான்" என்றாள் ஸ்டெல்லா. "அவ்ளோ நல்ல ஷூ!"

வந்தவர்களுக்கு விஷயத்தைச் சொல்லிப் புரிய வைப்பதற்குள் அவர்கள் பிளேன் போய்விட்டது. மறுநாள் மறுபடி புடவைக் கடைக்குப் போனார்கள். கம்பெனி இன்றைக்கும் இருக்கிறது, நீங்கள் அதில் இருக்கிறீர்கள். அதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. மறுநாள் காலையில் மேடம் எங்களை அலமாரி முன்னால் நிற்க வைத்தார். நான் கொஞ்சம் பாராட்டு எதிர்பார்த்துத்தான் போனேன்.

"இந்த முறை தோத்துப் போச்சு. மாத்தணும்" என்றார்.

"என்ன மேடம் இப்படிச் சொல்றீங்க? செருப்புதானே காப்பாத்திச்சு?"

"இல்லீங்க. உள்ள இருக்கிறவரைப் பத்தி அது ஒண்ணும் சொல்லல. வெளிய இருக்கிறவரை உள்ள இருக்கார்னு சொல்லிச்சு. ரெண்டும் தப்பு. நேத்து நல்ல நேரம், அந்த ரெண்டாவது தப்பும் சேர்ந்து வந்துச்சு. அதை நம்பி இன்னொரு நாள் எஞ்சின் பத்த வைக்க முடியுமா?"

எனக்குச் சுருக்கென்று இருந்தது. ராத்திரியெல்லாம் யோசித்தேன். அவர் சொன்னதுதான் சரி. அன்றிலிருந்துதான் மேடைக்குப் போகிற ஒவ்வொருவரும் கழுத்தில் தொங்கும் பெயர் வில்லையைக் கதவில் மாட்டிவிட்டுப் போவது, திரும்பும்போது தானே வாயால் பெயர் சொல்லி எடுப்பது, பூட்டுமுன் ஒருவர் பள்ளம் வரைக்கும் இறங்கிப் பார்ப்பது எல்லாம். "இது எதுக்கு இத்தனை தொந்தரவு" என்று உங்களில் சிலர் அலுத்துக்கொள்வது எனக்குத் தெரியும். இதற்குத்தான். சார் கேட்டுக்கொண்டபடி அந்தச் செருப்பை மேல் தட்டில் வைத்தோம், நினைப்பிருக்கட்டும் என்று. வேலு இன்றைக்குக் குருசாமி. வருஷா வருஷம் மாலை போட்டதும் வெறுங்காலோடு வந்து, எல்லோருக்கும் கேட்கிறாப்போல் தன் பெயரைச் சொல்லி வில்லையை மாட்டுகிறான்.

இப்போது நீங்கள் கேட்பீர்கள், "நீங்க சாமி கும்பிடறவராச்சே, அது அம்மன் செயல் இல்லேங்கறீங்களா?" என்று. என் மனசில் அது அவள் செயல்தான். கோயில் வாசலில் ஷூ தொலைந்ததிலிருந்து எல்லாம் அவள்தான். இதில் எனக்குச் சந்தேகம் கிடையாது, உங்களுக்கு இருந்தால் வருத்தமும் கிடையாது. ஆனால் அவள் செய்தது செருப்பைக் கதவருகே போட்டதோடு சரி. உள்ளே போய்ப் பார்க்கிற வேலையை நம்மிடம் விட்டுவிட்டாள். நான் அன்றைக்கு அந்தச் செருப்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கதவைப் பூட்டியிருந்தால், வேலு இல்லை.

எழுதி முடித்ததும் ஸ்டெல்லாவுக்கும் வேலுவுக்கும் படித்துக் காட்டினேன். வேலு என் காலைத் தொட வந்தான், தடுத்துவிட்டேன். ஸ்டெல்லா, "நான் ஆடினதை எடுத்துடுங்கண்ணே" என்றாள். எடுக்கவில்லை.

அதனால் உங்களையும் கேட்டுக்கொள்கிறேன். உங்களுக்குப் பின்னால் வருகிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள், ஆனால் இருக்கிறபடியே சொல்லுங்கள். என்னைத் தைரியசாலி ஆக்காதீர்கள், என் கை நடுங்கியது. சாரைக் கெட்டவர் ஆக்காதீர்கள், அவர் கெஞ்சினார். மேடம் முறை தோற்றது என்று சொன்னதை விட்டுவிடாதீர்கள், இதிலேயே கசப்பான வரி அதுதான், அதுதான் மருந்து. ஷூ திருடினவனையும் விட்டுவிடாதீர்கள், பாவம், அவனுக்கும் இதில் பங்கு உண்டு. பெருமாளைப் புதிதாகச் சேர்க்க வேண்டாம். அவர் ஏற்கெனவே இருக்கிறார்.

நாளைக்கு வேலைக்குப் போனதும் அந்தச் செருப்பின் மேல் இருக்கிற பொட்டை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். சாமி குற்றம் ஒன்றும் வராது. வந்தால் என் பேரில் வரட்டும், நான் அர்ச்சனை செய்து சரி பண்ணிக்கொள்கிறேன். துடைத்த கையோடு துடைப்பத்தை எடுத்துக்கொண்டு, பள்ளம் வரைக்கும் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.